அரபு ஊத்தும் அமெரிக்க ஜாஸும்: துனிசியாவின் அன்வர் பிராஹெம்

ஊதுபத்தி என்று நாம் தினமும் சொல்கிறோம். மராட்டியர்கள் உதபத்தி என்கிறார்கள். ஊதி அணைக்கிற பத்தி என்று சிலர் பொருள் சொல்வார்கள். அது பொருத்தமில்லை. 'ஊத்' என்பது அரபுச் சொல். மரம், கட்டை என்று பொருள். மணக்கிற கட்டையாகிய அகிலுக்கும் அரபியர் அதே பெயரை வைத்தார்கள். அதுதான் உருது வழியாக இந்தியாவுக்குள் வந்து பத்தியோடு ஒட்டிக்கொண்டது. மும்பையில் எந்த அத்தர் கடையில் போய் 'ஊத்' என்று கேட்டாலும் அகில் தைலத்தை எடுத்து நீட்டுவார்கள். அரபு நாடுகளின் தலையாய தந்தி வாத்தியத்துக்கும் பெயர் ஊத் தான். மணக்கும் கட்டை ஒன்று, பாடும் கட்டை ஒன்று. இந்தக் கட்டுரை பாடும் கட்டையைப் பற்றியது; அதை அமெரிக்க ஜாஸ் இசையோடு சேர்த்து வாசித்த ஒரு துனிசியக் கலைஞரைப் பற்றியது.

யாழ், பண், தேவாரம் பற்றி எழுத வேண்டிய சங்க மலரில் அரபு வாத்தியத்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம்ம பிள்ளைகள் மராத்தி, இந்தி, இங்கிலீஷ் மூன்றுக்கும் நடுவில் தமிழ் பேசுகிறார்கள். விழா மேடையில் கீபோர்டும் சாக்ஸஃபோனும் வைத்துக்கொண்டு திருப்புகழ் பாடுகிறார்கள். ஒரு பாதி சபை கைதட்டுகிறது, மறு பாதி முகம் சுளிக்கிறது. 'கலந்தால் நம்முடையது கரைந்து போய்விடாதா?' இந்தக் கேள்வி வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றிலும் உண்டு. இதே கேள்வியை ஒருவர் தன் வாத்தியத்தில் வைத்து முப்பது நாற்பது ஆண்டுகளாக விடை தேடிவருகிறார். அவர் எப்படிச் செய்தார் என்று பார்த்தால் நமக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும்.

வாத்தியத்தின் அமைப்பு

ஊத் பார்ப்பதற்குப் பாதியாக அறுத்த பெரிய பேரிக்காய் போல இருக்கும். மெல்லிய மரப் பட்டைகளை வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டி, வயிற்றுப் பகுதியைச் செய்கிறார்கள். மேலே மெல்லிய பலகை. அதில் வேலைப்பாடு செய்த வட்டத் துளைகள். கழுத்து குட்டை. பிருடைகள் இருக்கும் தலைப்பகுதி பின்பக்கமாக மடிந்திருக்கும். பெரும்பாலும் 11 தந்திகள். பத்து தந்திகள் ஐந்து இரட்டைகளாகவும், அடித்தந்தி ஒன்று தனியாகவும் இருக்கும். மீட்டும் கோலுக்கு 'ரீஷா' என்று பெயர், அதாவது இறகு. பழங்காலத்தில் கழுகின் இறகுத் தண்டு. இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக்.

முக்கியமான விஷயம், ஊத்துக்கு மெட்டுகள் கிடையாது. நம் வீணைக்கு 24 மெட்டு உண்டு. கிதாருக்கு உலோகக் கட்டைகள் உண்டு. ஊத்தின் கழுத்து வழவழப்பாக இருக்கும், வயலின் மாதிரி. விரல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் சுரம். இதைப் பின்னால் வரும் பகுதிக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த தத்துவ ஞானி அல்-கிந்தியும், அவருக்குப் பிறகு வந்த அல்-ஃபாராபியும் இசை இலக்கணம் எழுதும்போது ஊத்தின் தந்திகளை வைத்துத்தான் சுரங்களைக் கணக்கிட்டார்கள். பாக்தாத்தில் பயின்ற ஸிர்யாப் என்னும் இசைவாணர் கி.பி. 822இல் ஸ்பெயினின் கோர்தோபா நகருக்குப் போய்ச் சேர்ந்தார். நான்கு தந்தி வாத்தியத்துக்கு ஐந்தாவது தந்தி சேர்த்தவர் அவர்தான் என்பது மரபுவழிச் செய்தி. அங்கிருந்து வாத்தியம் ஐரோப்பாவுக்குள் பரவியது. 'அல்-ஊத்' என்ற அரபுப் பெயர்தான் ஸ்பானிய மொழியில் 'லாவுத்' ஆகவும், ஆங்கிலத்தில் 'லூட்' ஆகவும் மாறியது. பெயரை மட்டுமல்ல, வாத்தியத்தையே ஐரோப்பியர் எடுத்துக்கொண்டு மெட்டு கட்டித் தம்முடையதாக்கிக்கொண்டார்கள்.

நம் திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையார் இலம்பகம் பாடியிருக்கிறார். யாழ்ப் போட்டிக்கு வந்த சீவகன், தன் கையில் கொடுத்த யாழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது நீரில் நின்ற மரம், இது வாள் பட்ட மரம், இது இடி விழுந்த மரம் என்று குற்றம் சொல்லித் தள்ளிவிடுவான். நல்ல மரம் இல்லாமல் நல்ல இசை இல்லை என்பது தேவரின் கருத்து. வாத்தியத்துக்கே 'மரம்' என்று பெயர் வைத்த அரபியரும் அதைத்தான் நினைத்திருப்பார்கள் போலும்.

மகாம் என்றால் என்ன?

நமக்கு இராகம் போல அரபியருக்கு 'மகாம்'. ஏழு சுரம் என்ற வரிசை மட்டும் மகாம் ஆகாது. எந்தச் சுரத்தில் தொடங்குவது, எங்கே நிற்பது, எந்த வழியாக இறங்குவது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் மகாம். தாளம் இல்லாமல் ஒரு மகாமை விரித்து வாசிப்பதற்குத் 'தக்ஸீம்' என்று பெயர். நம்முடைய ஆலாபனைக்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். தாளத்துக்கு 'ஈகா'. தாள எழுத்துகள் இரண்டு: கனத்த அடிக்கு 'தும்', மெல்லிய அடிக்கு 'தக்'. நம் சொற்கட்டு கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

சில மகாம்களின் சுர வரிசை நம் மேளகர்த்தாக்களோடு ஒத்துப்போகிறது. 'அஜம்' என்பது சங்கராபரணத்தின் வரிசை. 'நஹாவந்த்' நடபைரவி. 'குர்து' தோடியின் வரிசை. 'ஹிஜாஸ்' வகுளாபரணம், அதன் முதல் நான்கு சுரங்கள் மாயாமாளவகௌளைக்கும் அதே. ஆனால் இவை வரிசையில்தான் ஒன்று. கமகம் வேறு, நடை வேறு. தோடியைக் கேட்ட காதோடு குர்துவைக் கேட்டால் 'இது நம்ம தோடி இல்லையே' என்றுதான் தோன்றும்.

இன்னொரு வகை மகாம் இருக்கிறது. 'ராஸ்த்' என்ற மகாமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காந்தாரம் சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. பியானோவிலோ ஆர்மோனியத்திலோ அந்த இடத்தில் கட்டையே கிடையாது. இதைத்தான் 'கால் சுரம்' என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் மிகாயீல் மிஷாகா என்ற அறிஞர் ஒரு ஸ்தாயியை 24 சம பங்காகப் பிரித்து எழுதிய கணக்கு பரவலாகப் புழங்கியது. ஆனால் வாசிப்பவர்களின் விரல் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. ஊருக்கு ஊர் அந்தக் காந்தாரம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும்.

நம் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் சிலப்பதிகாரத்தை ஆதாரமாக வைத்து, 22 சுருதி என்பது சரியல்ல, 24 தான் சரி என்று வாதாடியதை அறிந்தவர்கள் அறிவார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு கட்டைக்குள் தன் இசை அடங்காது என்ற உணர்ச்சி இரண்டு இடத்திலும் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஹல்ஃபாவீன் தெருவும் நான்கு வருஷக் குருகுலமும்

அன்வர் பிராஹெம் 1957 அக்டோபரில் துனிசியாவின் தலைநகர் துனிஸில், ஹல்ஃபாவீன் என்ற பழைய பகுதியில் பிறந்தார். பிரான்சின் பிடியிலிருந்து அந்த நாடு விடுதலை பெற்றது அதற்கு முந்திய ஆண்டு, 1956இல். தகப்பனார் செதுக்கு வேலையும் அச்சு வேலையும் செய்தவர், இசைப் பிரியர். பையனைப் பத்து வயதில் துனிஸ் தேசிய இசைக் கல்லூரியில் சேர்த்தார்கள். அங்கே ஊத் மேதை அலி ஸ்ரீதி ஆசிரியராகக் கிடைத்தார்.

துனிசியாவுக்கு ஒரு தனிச் சொத்து உண்டு. ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர், முக்கியமாக 1609ஆம் ஆண்டுக்குப் பிறகு, துனிசியாவில் குடியேறினார்கள். அவர்களோடு வந்து வளர்ந்த அந்தலூசியப் பாட்டு மரபுக்கு 'மாலூஃப்' என்று பெயர். அதைக் காப்பதற்கென்றே 1934இல் துனிஸில் 'ரஷீதிய்யா' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. ஊர் விட்டு வந்தவர்கள் பாட்டை விடாமல் கொண்டுவந்து தலைமுறை தலைமுறையாகக் காத்தது நம் சங்கத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பதினெட்டு வயதில் பிராஹெம் இசையே வாழ்க்கை என்று முடிவு செய்தார். அதன்பிறகு நடந்ததுதான் நான் பெரியதாக நினைப்பது. தொடர்ந்து நான்கு வருஷம் தினமும் குருநாதர் அலி ஸ்ரீதியின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து மகாம் நுட்பங்களைக் கற்றார். கல்லூரிப் பாடம் ஏற்கெனவே முடித்தவர்தான். ஆனாலும் குரு வாசிக்க, சீடன் கேட்டு வாசிக்க, பழைய முறையிலேயே கற்றார். நாம் குருகுலவாசம் என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. அந்த அடித்தளம் போட்ட பிறகுதான் அவர் காது வெளியே போயிற்று. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் இசை, ஈரானிய இசை, நம் இந்திய இசை, பிறகு ஜாஸ்.

அந்தக் காலத்தில் அரபு நாடுகளில் ஊத் பெரும்பாலும் பக்கவாத்தியம். உம் குல்தூம் போன்ற பெரும் பாடகர்களின் பின்னால் ஒரு பெரிய வாத்தியக் குழுவில் ஒரு மூலையில் இருக்கும். அதைத் தனி வாத்தியமாக உயர்த்த வேண்டும் என்று பிராஹெம் விரும்பினார். ஈராக்கின் முனீர் பஷீர் (1930-1997) ஏற்கெனவே ஊத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உலக அரங்குகளில் தக்ஸீம் கச்சேரி செய்து வழி காட்டியிருந்தார். துனிஸில் பிராஹெம் தன் சொந்த இயற்றல்களோடு தனிக் கச்சேரி செய்தார்.

1981இல் பாரிஸ் போனார். நான்கு வருஷம் இருந்தார். நடனக் கலைஞர் மாரிஸ் பெஜாரோடு வேலை செய்தார். 1985இல் துனிஸ் திரும்பி, கார்த்தேஜ் விழாவுக்காக 'லிகா 85' என்ற நிகழ்ச்சியை அமைத்தார். லிகா என்றால் சந்திப்பு. துனிசியக் கலைஞர்கள், துருக்கியக் கலைஞர்கள், பிரான்சின் ஜாஸ் கலைஞர்கள் எல்லோரும் ஒரே மேடையில். அதற்காக நாட்டின் தேசிய இசைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1987இல் துனிஸ் நகர இசைக்குழுவின் இயக்குநர் பதவி வந்தது. பெரிய குழுவை அப்படியே வைத்து நடத்தாமல், தேவைக்கேற்ற சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்தார். கூட்டம் பெரிதானால் தனி விரலின் நுட்பம் கேட்காது என்பதுதான் அவர் எண்ணம்.

1990இல் ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த ஈ.சி.எம். என்ற இசைத்தட்டு நிறுவனத்தோடு தொடர்பு ஏற்பட்டது. 1969இல் மான்ஃப்ரெட் ஐஷர் தொடங்கிய நிறுவனம் இது. ஜாஸ் உலகில் பெரிய பெயர். முதல் தட்டு 'பர்ஸக்', 1991இல் வெளிவந்தது. பர்ஸக் என்றால் இரண்டுக்கும் இடையிலான நிலை, இறப்புக்கும் மறு எழுச்சிக்கும் நடுவில் உயிர் தங்கும் இடம். அதில் ஜாஸ் கலைஞர் ஒருவரும் இல்லை. வயலினும் தாளமும் வாசித்தவர்கள் துனிசியர்களே. தன்னுடையதைத் தன்னுடையதாகவே முதலில் வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவருக்கு முன்னே போனவர்கள்

ஊத்தை ஜாஸோடு சேர்த்த முதல் ஆள் பிராஹெம் அல்ல. நியூயார்க்கின் பிரூக்ளினில் பிறந்த அஹ்மத் அப்துல்-மாலிக் (1927-1993), தெலோனியஸ் மங்க் என்ற புகழ்பெற்ற பியானோ கலைஞரிடம் பாஸ் வாசித்தவர். அவர் 1958இல் 'ஜாஸ் சஹாரா' என்ற தட்டில் ஊத் எடுத்து வாசித்தார். கானூன் போன்ற அரபு வாத்தியங்கள் ஒரு பக்கம், ஜானி கிரிஃபினின் சாக்ஸஃபோன் மறுபக்கம். அடுத்த ஆண்டு, 1959இல், மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' வந்தது. அதுவரை ஜாஸில் அடிக்கடி மாறும் சுரக்கூட்டு வரிசையின் மேல்தான் கற்பனை செய்வார்கள். மைல்ஸ் அதைக் குறைத்து, ஒரே சுர வரிசையில் நெடுநேரம் நின்று விரித்து வாசிக்கும் முறையைப் பரப்பினார். இது இராக ஆலாபனைக்கும் தக்ஸீமுக்கும் நெருங்கிய முறை. அந்தக் கதவு திறந்ததால்தான் கிழக்கு இசைக்காரர்கள் ஜாஸுக்குள் கால் வைக்க முடிந்தது.

இன்னொருவர் ராபிஹ் அபூ-கலீல். 1957இல் பெய்ரூட்டில் பிறந்தவர். லெபனான் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது 1978இல் மியூனிக் போய்த் தங்கினார். அவருடைய 'புளூ கேமல்' என்ற 1992ஆம் ஆண்டுத் தட்டு நமக்கு முக்கியம். அதில் தென்னிந்தியத் தாள வாத்தியங்கள் வாசித்தவர் சென்னையில் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்த ரமேஷ் சோதம். தவிலும் பயின்றவர். அதே தட்டில் சாக்ஸஃபோன் வாசித்த அமெரிக்கர் சார்லி மரியானோ (1923-2009) நம் நாதஸ்வரத்தைக் கற்று ஜாஸ் மேடைகளில் வாசித்தவர்! அபூ-கலீலின் இயற்றல்களில் ஒற்றைப்படைத் தாளக் கணக்குகள் அதிகம். மிஸ்ரமும் சங்கீர்ணமும் தெரிந்த ஒரு கை அங்கே இருந்தது எவ்வளவு பொருத்தம் என்று கேட்டால் தெரியும்.

அபூ-கலீலின் வழி துள்ளல், நகைச்சுவை, தாள வேகம். பிராஹெமின் வழி நேர்மாறு. மெதுவு, இடைவெளி, மௌனம்.

எங்கே சிக்கல் வருகிறது?

நான் துணி வியாபாரி. கலப்புத் துணி நெய்யும்போது ஒரு விஷயம் பார்க்க வேண்டும். பாவு ஒரு நூல், ஊடை ஒரு நூல் என்று இருந்தால், இரண்டும் தண்ணீரில் எவ்வளவு சுருங்கும் என்ற கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் நெய்தால் கடையில் அழகாக இருக்கும்; ஒரு துவைப்பில் சுருக்கம் விழுந்துவிடும். ஊத்தையும் ஜாஸையும் சேர்ப்பதிலும் இப்படி மூன்று கணக்குகள் இருக்கின்றன.

முதலாவது சுரம். பியானோவில் 12 கட்டை. ராஸ்த் மகாமின் காந்தாரத்தை ஊத்தில் வாசிக்கும்போது பியானோக்காரர் தன் காந்தாரத்தைத் தொட்டால் இரண்டும் மோதும், காது கூசும். இதற்கு வழிகள் சில உண்டு. நஹாவந்த், குர்து, அஜம் போல 12 கட்டைக்குள் அடங்கும் மகாம்களை எடுத்துக்கொள்ளலாம். அல்லது மோதும் இடத்தில் பியானோ விலகி நிற்கலாம். அல்லது பியானோவே இல்லாமல், சுரத்தை வளைக்கக்கூடிய வாத்தியங்களோடு மட்டும் சேரலாம்.

இரண்டாவது ஒலி அளவு. ஊத்தின் நாதம் மீட்டிய உடனே எழுந்து சீக்கிரம் அடங்கிவிடும். டிரம்ஸும் சாக்ஸஃபோனும் முழுக் குரலில் எழுந்தால் ஊத் காணாமல் போய்விடும். ஒலிபெருக்கி வைக்கலாம், ஆனால் விரல் நழுவும் நுட்பமும் மரத்தின் குரலும் போய்விடும்.

மூன்றாவது இலக்கணம். மகாம் ஒற்றைக் கோட்டில் போகும் இசை, நம் இராகம் மாதிரி. ஜாஸில் பல சுரம் ஒரே நேரத்தில் ஒலிக்கும் கூட்டு உண்டு. மகாமின் கீழே சுரக்கூட்டுகளை அடுக்கிக்கொண்டே போனால், மகாம் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தக் கூட்டுகளே முடிவு செய்துவிடும். மகாம் தன் இலக்கணத்தை இழந்து வெறும் மெட்டாக ஆகிவிடும். பாதி சினிமா இசையில் இராகத்துக்கு நேர்வதும் இதுதான்.

தட்டுகளை வரிசையாகக் கேட்டால்

பிராஹெம் இந்த மூன்றையும் எப்படிக் கையாண்டார் என்று அவர் தட்டுகளை வருஷ வரிசையில் கேட்டால் விளங்குகிறது.

1994இல் 'மதார்'. நார்வே நாட்டு சாக்ஸஃபோன் கலைஞர் யான் கார்பாரெக், பாகிஸ்தானின் தபேலா மேதை உஸ்தாத் ஷௌகத் ஹுசைன், இவர். மூன்றே பேர். பியானோ இல்லை, டிரம்ஸ் இல்லை.

1998இல் 'திமார்'. கனிகள் என்று பொருள். இங்கிலாந்தின் ஜான் சர்மன் சாக்ஸஃபோனும் பாஸ் கிளாரினெட்டும் வாசிக்க, டேவ் ஹாலண்ட் டபுள் பாஸ் வாசித்தார். ஹாலண்ட் சின்ன வயதில் மைல்ஸ் டேவிஸ் குழுவில் இருந்தவர். இதிலும் மூன்றே பேர். டபுள் பாஸுக்கும் மெட்டு கிடையாது. காற்று வாத்தியத்தில் உதட்டாலும் விரலாலும் சுரத்தை வளைக்கலாம். ஆக, மூன்று வாத்தியமும் கட்டைக்குக் கட்டுப்படாதவை. அரபுச் சுரம் தன் இடத்திலேயே நிற்க, ஜாஸ்காரர்கள் அதைத் தேடி வருகிறார்கள். ஜாஸ் தட்டு ஒன்று கேட்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2002இல் 'கறுப்புப் பூனையின் நடை' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் கொண்ட தட்டு. இங்கே தலைகீழ். ஊத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்துவிட்டு, பியானோவின் முன் உட்கார்ந்து இயற்றினார். பிறகு பியானோ, அக்கார்டியன், ஊத் மூன்றையும் சேர்த்தார். கட்டை உள்ள இரண்டு வாத்தியங்களோடு கட்டை இல்லாத ஒன்று. கால் சுரத்தின் இடத்தை இங்கே மௌனம் எடுத்துக்கொள்கிறது. பியானோ ஒரு சுரம் தொட்டுவிட்டு நிற்கும். ஊத் அந்த நாதம் அடங்குமுன் பேசும். இது அரபு இசையா, ஜாஸா, ஐரோப்பிய அரங்க இசையா என்று பிரித்துச் சொல்ல வராது.

2009இல் வந்த தட்டைப் பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். தர்வீஷ் அதற்கு முந்திய ஆண்டுதான் காலமானார். இதில் தர்பூக்கா என்ற அரபுத் தோல் வாத்தியத்தோடு ஜெர்மானிய பாஸ் கிளாரினெட்டும் சுவீடன் கலைஞரின் பாஸ் கிதாரும் சேர்ந்தன.

2010 கடைசியில் துனிசியாவில் மக்கள் எழுச்சி வெடித்தது. 2011 ஜனவரி 14இல் ஜனாதிபதி பென் அலி நாட்டை விட்டு ஓடினார். அந்தக் கொந்தளிப்பின் பாதிப்பில் பிராஹெமுக்கு இயற்றல் எளிதாக வரவில்லை. வந்தபோது, தந்தி வாத்தியக் குழு முழுவதையும் சேர்த்துக்கொண்டு, 2014இல் 'சுவெனான்ஸ்' என்ற பெயரில் பதிவாயிற்று. நினைவு என்று பொருள்.

2017இல் 'புளூ மகாம்ஸ்'. அறுபதாவது வயது. நம் வழக்கப்படி சஷ்டியப்தபூர்த்தி. நியூயார்க்கில் பதிவு. டேவ் ஹாலண்ட் மறுபடியும் வந்தார், பியானோவில் ஜாங்கோ பேட்ஸ், டிரம்ஸில் ஜாக் டிஜானெட் (2025இல் காலமானார்). டிஜானெட்டும் மைல்ஸ் டேவிஸிடம் வாசித்தவர். முதல் முறையாகப் பார்த்தால் ஆள் வரிசை அசல் ஜாஸ் குழு: பியானோ, பாஸ், டிரம்ஸ். முன்னால் நிற்க வேண்டிய சாக்ஸஃபோனுக்குப் பதிலாக ஊத். இருபது வருஷம் முன்னால் இதைச் செய்திருந்தால் ஊத் அமுங்கிப்போயிருக்கும். இப்போது அத்தனை பெரிய டிரம்ஸ் கலைஞர் ஊத்தின் குரலுக்குக் கீழே தன் கையை வைத்துக்கொண்டு, மெல்லிய தட்டொலியில் துணை போகிறார். மிருதங்க வித்வான் வீணைக்கு வாசிக்கும்போது கையை அடக்குவாரே, அந்தப் பண்பாடு.

2025இல் 'ஆஃப்டர் த லாஸ்ட் ஸ்கை'. ஜெர்மனியின் ஆன்யா லெக்னர் செல்லோ வாசிக்க, பேட்ஸும் ஹாலண்டும் உடன் இருந்தார்கள். டிரம்ஸ் இல்லை. காஸாவின் துயரத்தை மனத்தில் வைத்துச் செய்தது. பெயர் தர்வீஷின் கவிதையிலிருந்து வந்தது. பாட்டு இல்லை, சொல் இல்லை. ஒரு மரக்கட்டை எவ்வளவு துக்கம் தாங்கும் என்பதற்கு இதைக் கேட்கலாம்.

எதிர்ப்பு இல்லாமலா?

1932இல் எகிப்தின் கெய்ரோ நகரில் அரபு இசை மாநாடு ஒன்று நடந்தது. ஹங்கேரியின் பேலா பார்தோக், ஜெர்மனியின் ஹிண்டமித் போன்ற பெரும் இசைவாணர்கள் வந்திருந்தார்கள். அரபு இசைக்குள் பியானோவை விடலாமா என்று கடும் வாதம். வேடிக்கை என்னவென்றால், வேண்டாம், உங்கள் இசை கெட்டுப்போகும் என்று சொன்னவர்களில் பலர் ஐரோப்பியர்கள். வேண்டும், நாங்களும் முன்னேற வேண்டும் என்றவர்களில் பலர் எகிப்தியர்கள்!

நம் நாட்டிலும் நடந்ததுதான். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்து 1971 வரை வைத்திருந்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, கட்டை வாத்தியத்தில் நம் சுருதியும் கமகமும் வராது என்பது. ஆனால் அதே ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாலுஸ்வாமி தீட்சிதர் எடுத்துக்கொண்டார். இன்று அது இல்லாமல் கச்சேரி இல்லை. ஏன் இரண்டுக்கும் இந்த வேறுபாடு? வயலினுக்கு மெட்டு இல்லை, நம் கமகம் அதில் வந்தது. அந்நியம் என்பது வாத்தியம் பிறந்த ஊரில் இல்லை. நம் இலக்கணத்துக்கு அது வளைந்துகொடுக்குமா என்பதில்தான் இருக்கிறது.

நமக்கு என்ன?

எங்கள் சமண மரபில் அநேகாந்தவாதம் என்று ஒன்று உண்டு. ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு. ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு முழுதும் இதுதான் என்று சாதிக்கக் கூடாது. இதை 'எல்லாமே சரி, எதைக் கலந்தாலும் நல்லது' என்று சிலர் எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். அது அல்ல. பார்க்கிறவன் தான் எங்கே நிற்கிறான் என்று தெரிந்து பேச வேண்டும் என்பதும் அந்தக் கொள்கையின் பாதி. நிற்கும் இடமே இல்லாதவனுக்குப் பக்கமும் கிடையாது.

பிராஹெமுக்கு நிற்க இடம் இருந்தது. அது பத்து வயதில் தொடங்கிய படிப்பும், குரு வீட்டில் கழித்த நான்கு வருஷமும். அதனால்தான் உலகின் முதல்தரக் கலைஞர்கள் அவர் பக்கம் வந்து, அவர் ஒலி அளவுக்குத் தங்களைக் குறைத்துக்கொண்டு வாசித்தார்கள். வெறும் அரபு வாசனைக்காக ஊத்தைக் கையில் எடுத்திருந்தால் அவர்கள் அவருக்காக விலகி நின்றிருக்க மாட்டார்கள்.

காப்பதற்கும் இது பொருந்தும். நம் யாழ் சங்ககாலத்திலிருந்து பாடப்பட்டு, காப்பியங்களில் கொண்டாடப்பட்டு, பிறகு கைவிட்டுப் போயிற்று. 1947இல் விபுலாநந்த அடிகள் யாழ் நூல் எழுதி, நூல்களிலிருந்து அதன் உருவத்தையும் சுரத்தையும் கணக்கிட்டு மீட்க வேண்டியதாயிற்று. ஊத் அப்படிப் போகவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே வந்தது. ஸ்பெயினுக்குப் போனது, துருக்கிக்குப் போனது, பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் போனது. 2022இல் ஊத் செய்யும் கைவினையையும் வாசிப்பையும் ஈரான், சிரியா நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேருமுன்பே அது உயிரோடு இருந்தது என்பதுதான் பெரிய விஷயம். புதிய இசைக்குள் போய் வாசித்தவர்களும், ரஷீதிய்யாவில் உட்கார்ந்து பழைய மாலூஃபை அப்படியே பாடியவர்களும், இரண்டு தரப்பாரும் சேர்ந்துதான் அதைக் காப்பாற்றினார்கள்.

ஆகவே அடுத்த விழாவில் நம்ம பிள்ளைகள் சாக்ஸஃபோனோடு திருப்புகழ் பாட வந்தால், நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: சாக்ஸஃபோன் இல்லாமலும் அந்தத் திருப்புகழை அதன் சந்தம் பிசகாமல் பாடத் தெரியுமா? தெரிந்தால் தாராளமாகக் கலக்கட்டும், நாமும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்போம். தெரியாவிட்டால் திட்ட வேண்டாம். கற்றுக்கொடுக்க ஆள் ஏற்பாடு செய்வது சங்கத்தின் வேலை. வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு நல்ல ஆசிரியர். அதற்கு ஆகும் செலவு ஒரு விழாவின் பந்தல் செலவுக்கும் குறைவு.